மரக்காலும் மனித உயரமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது அளப்பதில் இருந்த பிடிவாதம். ராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனிகள் பாதம் முதல் கேசம் வரை இத்தனை முழம், இத்தனை விரல் என்று பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொன்னைக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுத்திருக்கிறார்கள். நெல் அளந்த மரக்காலுக்கே ஒரு பெயர் உண்டு, ஆடவல்லான் என்று. அது ராஜகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்ற குறிப்பும் உண்டு. கோயில் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று பங்கு எழுதி, அவர்கள் பெயர், வந்த ஊர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை பதிந்திருக்கிறார்கள். அந்த 400 பேரில் ஒருத்தியாவது எவ்வளவு உயரம் என்பது மட்டும் இல்லை. அதை எழுத யாருக்கும் காரணம் இருக்கவில்லை. தெய்வத்தின் உயரம் கணக்கில் ஏறியது, நெல்லின் அளவு கணக்கில் ஏறியது. அந்த நெல்லை நட்டு அறுத்த உடம்பு கணக்கில் ஏற இன்னும் 800 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மனித உயரத்தை வாழ்க்கைத் தரத்தின் அளவாகக் கொள்ளும் முறை 1970களில்தான் பொருளாதார வரலாற்றில் வேர்பிடித்தது. ராபர்ட் ஃபோகல், ரிச்சர்ட் ஸ்டெக்கல் போன்றவர்கள் அமெரிக்க அடிமைகளை ஏற்றிய கப்பல்களின் பட்டியல்களிலும் படைப் பதிவேடுகளிலும் தூங்கிக் கிடந்த உயரங்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கூலிக்கும் விலைக்கும் ஒழுங்கான புள்ளிவிவரம் இல்லாத காலத்தில் உடம்பே சாட்சி ஆகும் என்பது அவர்கள் கண்டது. ஒருவர் நெட்டையா குட்டையா என்பதைப் பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த மரபு தீர்மானிக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு மக்கள்திரளின் சராசரி மூன்று நான்கு தலைமுறைக்குள் ஏறினாலோ இறங்கினாலோ அதை மரபின் தலையில் கட்ட முடியாது. மரபு அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. குழந்தை தின்றதில், உடம்பைச் சூடாக வைக்கவும் ஓடியாடவும் வேலை செய்யவும் காய்ச்சலோடும் பேதியோடும் போராடவும் ஆன செலவு போக மிஞ்சுவதுதான் எலும்பாகிறது. அந்த மிச்சத்தையும் உடம்பு எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளாது. முக்கியமாகக் கருவிலிருந்து இரண்டு வயது வரை ஒரு தடவை, பூப்பை ஒட்டிய சில ஆண்டுகளில் இன்னொரு தடவை. ஆகவே உயரம் என்பது வரவைக் காட்டும் ஏடு அல்ல, செலவு போக நின்ற கையிருப்பைக் காட்டும் ஏடு.

இந்த வேறுபாடு காவிரி டெல்டாவைப் பொறுத்தவரை மிக முக்கியம். சோழநாட்டுக்குச் சோற்றையே அடையாளமாகச் சொல்வது பழைய வழக்கம். நெற்களஞ்சியம் என்ற பட்டம் அரசு விளம்பரம் வரை வந்துவிட்டது. அது விளைச்சலைச் சொல்லும் பெயர். விளைந்த ஊரில் யார் வயிற்றுக்கு எவ்வளவு போயிற்று, போனதில் எவ்வளவு உடம்பில் தங்கிற்று என்பது வேறு கேள்வி. ஆற்றுப் பாசனத்து நெல்நாட்டில் ஒரு தலைமுறையின் உயரத்தைத் தீர்மானிப்பது களத்தில் குவியும் நெல் அல்ல, களத்திலிருந்து கூலியாக இறங்கும் மரக்காலும் வாய்க்கால் தண்ணீரோடு வரும் நோயும்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். செல்வ நாடு குட்டை மக்களை வளர்க்க முடியும் என்பதற்கு உலகத்தில் முன்னுதாரணம் உண்டு. இன்று உலகிலேயே உயரமான ஆண்கள் நெதர்லாந்துக்காரர்கள். அதுவும் ஒரு டெல்டா நாடுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நாட்டுப் படைக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களின் சராசரி 165 செ.மீ. அளவில்தான் இருந்தது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவிலும் அதே நூற்றாண்டின் நடுவில், நாட்டு வருமானம் ஏறிக்கொண்டிருந்தபோதே அங்கே பிறந்த வெள்ளையர்களின் சராசரி உயரம் இறங்கியது. தஞ்சை அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குப் போனதையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

தென்னிந்தியாவில் சாதாரண உழைப்பாளியின் உயரத்தை முதலில் எழுதிவைத்தவர்கள் அவனை ஏற்றுமதி செய்தவர்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களுக்கு எழுதப்பட்ட குடியேற்றச் சீட்டு ஒரு தாள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், அடியும் அங்குலமுமாக உயரம். ஆள் தப்பி ஓடினால் பிடிப்பதற்கான விவரம் அது. தழும்புக்கும் மச்சத்துக்கும் பக்கத்தில் உயரம் எழுதப்பட்டிருப்பதே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகம் வழியாக ஃபிஜிக்குப் போன ஏறத்தாழ 15,000 பேரின் சீட்டுகள் இந்த வகையில் பெரிய புதையல். லான்ஸ் பிரென்னன், ஜான் மெக்டொனால்ட், ரால்ஃப் ஷ்லோமோவிட்ஸ் ஆகிய மூவரும் கடல் கடந்தவர்களின் இத்தகைய பதிவுகளைக் கொண்டுதான் 1990களில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத் தென்னிந்தியர்களின் நல்வாழ்வை ஆராய்ந்தார்கள். டெல்டாவின் சொந்தக் கரையிலிருந்து மலாயாவுக்கு நாகப்பட்டினமும், பிரெஞ்சுத் தீவுகளுக்குக் காரைக்காலும் வாசலாக இருந்தன.

கப்பலேறியவர்கள் ஊரின் மாதிரி ஆவார்களா என்று கேட்பது நியாயமே. ஆவதில்லை. கடன்பட்டவர், நிலமற்றவர், ஊரோடு சண்டை போட்டவர், கணவனை இழந்தவர் என்று ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம் அது. மறுபக்கம், கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவின் மருத்துவர் நோஞ்சான் என்று கருதியவர்களைக் கழித்துவிடுவார். படைப் பதிவேட்டில் சிக்கல் இதற்கு நேர் எதிர். குறைந்தபட்ச உயரம் இல்லாதவன் அதில் ஏறவே மாட்டான். இந்தச் சாய்வுகளுக்கு ஆய்வாளர்கள் கணக்கியல் வழியில் ஓரளவு ஈடு செய்கிறார்கள். அதைவிட முக்கியமானது, கேள்வியைச் சரியாகக் கேட்பது. மிராசுதாரின் பிள்ளை எவ்வளவு வளர்ந்தான் என்று தெரிந்துகொள்ளக் குடியேற்றச் சீட்டு உதவாது. பண்ணையாளின் பிள்ளையைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது. சாய்வே இங்கே சாதகமாகிறது.

அடுத்து அளக்க வந்தவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதியவர். உயரம், தலையின் அகலம், மூக்கின் அகலம் என்று அவர் அளக்காதது குறைவு. அவருக்கு அவை இனத்தின் முத்திரைகள். இன்றைக்கு அந்த மூக்குக் கணக்கைக் குப்பையில் போட்டுவிடலாம், உயரக் கணக்கைப் போட வேண்டியதில்லை. அவர் அளந்தவர்களில் நீலகிரித் தோடர்கள் சராசரியாக 170 செ.மீ.க்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். வயநாட்டுப் பணியர்கள் 157ஐ ஒட்டி. இடையே 13 செ.மீ., ஒரு சாணுக்கும் குறைவு. ஆனால் மக்கள்திரள் சராசரிகளுக்கு இடையே அது பெரிய இடைவெளி. தோடர்கள் எருமை வளர்த்துப் பாலிலும் மோரிலும் நெய்யிலும் வாழ்ந்தவர்கள். பணியர்கள் பிறர் வயலில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்தவர்கள். இரண்டு சின்னச் சமூகங்களில் மரபு வேறுபாடும் கொஞ்சம் இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும் ஒருவர் கையில் பால், இன்னொருவர் கையில் பிறர் அளந்து போட்ட நெல் என்ற வேறுபாட்டை விட்டுவிட்டு அந்த எண்களைப் படித்தது தர்ஸ்டன் காலத்துப் பார்வையின் குறை. ஐரோப்பாவிலும் பசு மாடு பக்கத்தில் இருந்த வட்டாரங்களில் ஆட்கள் உயரமாக இருந்ததைப் பலர் காட்டியிருக்கிறார்கள். ஏழை அயர்லாந்துக்காரன், உருளைக்கிழங்கும் மோரும் தின்று, செல்வ நாட்டு ஆங்கிலேயனைவிட உயரமாக நின்றான்.

டெல்டாவில் பால் எங்கே இருந்தது? இந்த மண்ணின் மாடு உம்பளச்சேரி. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துச் சேற்றுக்கென்றே உருவானது. கட்டுமஸ்தான, உயரம் குறைந்த உழவு மாடு. முழங்கால் சேற்றில் நாள் முழுக்க இழுக்கும். பால் கன்றுக்குப் போகக் கொஞ்சம்தான். மேய்ச்சல் நிலம் என்று ஒன்றை விட்டுவைக்காமல் எல்லாவற்றையும் வயலாக்கிய நாட்டில் அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கும் இல்லை. வைக்கோல் தின்று உழைத்த மாடும், கஞ்சி குடித்து உழைத்த மனிதனும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு உடம்புகள்.

கூலிக்கு வருவோம். பண்ணையாள் முறையில் ஊதியம் நெல்லாகவே வந்தது, அளந்தது மரக்கால். மரக்கால் என்பது பேசும்போது ஓர் அளவு, கையில் எடுக்கும்போது ஒரு பாத்திரம். வாய் அகலம், அடியின் தடிமன், குலுக்கி அளப்பதா குலுக்காமல் அளப்பதா, தலை தட்டுவதா குவிப்பதா, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நெல் ஏறும் அல்லது இறங்கும். வாரம் வாங்க ஒன்று, கூலி போட ஒன்று என்று இரண்டு மரக்கால் வைத்திருந்தார்கள் என்பது கீழத்தஞ்சையில் பழைய குற்றச்சாட்டு. 1943 முதல் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் இயக்கம் பண்ணையாளுக்குத் தண்டனையாகத் தந்த சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முத்திரை போட்ட மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்பதும் அதன் கோரிக்கை என்பதை அவ்வளவு நினைப்பதில்லை. ஊட்டச்சத்தின் வரலாற்றில் அந்த முத்திரைக்கு ஒரு சத்துணவுத் திட்டத்தின் மதிப்பு உண்டு என்பது என் கணிப்பு. நாளுக்கு ஒரு பிடி நெல் குறைவதும் கூடுவதும் வயது வந்தவரின் இடுப்புச் சுற்றளவில் தெரியும். அந்த வீட்டில் பால்குடி மறந்த குழந்தையிடம் அது காலின் நீளத்தில் தெரியும். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டுச் செத்ததற்கு முன்னே நடந்துகொண்டிருந்த தகராறும் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதைச் சுற்றித்தான். அதற்கு அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம். அரைப்படிக்கு இவ்வளவா என்று வியப்பவர்கள் அதைக் கொலையின் கொடுமையை எடுத்துக்காட்டவே சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அரைப்படி சிறிய அளவு அல்ல. வீட்டில் இன்னொரு வாய்க்கு ஒருவேளைச் சோறு அது.

கூலியின் அளவோடு காலமும் சேர்ந்துகொண்டது. சம்பா நட்டுக் களை பறித்து முடிந்தால், தை அறுவடை வரை வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடுப்பு நனைந்திருக்கும், பானை வெறுமையாக இருக்கும். பேதியும் காய்ச்சலும் அப்போதுதான் வரும். அந்த மாதங்களில் ஆறு மாதக் குழந்தையாக இருப்பது தற்செயலான துரதிருஷ்டம். அதற்கு முன்னால் நடவு. நாற்று முடியை இடது கையில் பிடித்து, இடுப்பை மடித்து, பின்னோக்கி நகர்ந்தபடி, வெயில் ஏறும்வரை நிமிராமல் நடுபவர்கள் பெண்கள். கருவுற்றிருந்தாலும் நட்டார்கள். அவர்களின் கூலி ஆண் கூலியைவிடக் குறைவு, செலவழித்த உடல்சக்தி குறைவில்லை. குழந்தையின் உயரம் தாயின் வயிற்றிலேயே ஓரளவு தீர்மானமாகிறது என்ற மருத்துவ உண்மையை இந்தக் காட்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சோற்றின் தன்மையைப் பற்றியும் ஒரு பழைய விவாதம் உண்டு. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வை நிறுவிய ராபர்ட் மெக்காரிசன் 1920களில் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டார உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கிய எலிகள் கொழுத்து நீண்டன. வரிசையின் கடைசியில், சோறும் கொஞ்சம் குழம்பும் தின்ற மதராஸ் எலிகள். அந்தப் படம் உலகப் பாடப்புத்தகங்களில் ஏறியது. அரிசியே குற்றவாளி என்ற முடிவுக்கு அதைச் சாட்சியாக்குவது அவசரம். அவருக்குப் பின் குன்னூரில் இருந்த அய்க்ராய்டும் சக ஆய்வாளர்களும் காட்டியபடி, ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற வட ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி இருந்தது, புழுங்கலரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் இல்லை. அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. டெல்டாவில் அக்கிரகாரத்தின் பச்சரிசியைவிடச் சேரியின் புழுங்கல் இந்த ஒரு விஷயத்தில் மேல். எலிக்கூண்டில் இல்லாத இன்னொன்றும் சேரியில் இருந்தது: வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் கெண்டை, வளை தோண்டிப் பிடித்த எலி. எந்தக் கூலிக்கணக்கிலும் வராத புரதம் அது. பூச்சிமருந்து வந்த பிறகு அதில் பெரும்பங்கு போயிற்று என்பதை டெல்டாவில் வயதான எவரும் சொல்வார்கள். ஆக, குறை அரிசியில் இல்லை. அரிசிக்குப் பக்கத்தில் வேறெதுவும் இல்லாததில் இருந்தது.

தண்ணீர் கொடுத்ததில் ஒரு பகுதியைத் தண்ணீரே எடுத்துக்கொண்டதும் உண்டு. 1934இல் மேட்டூர் அணை திறந்தது. கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டை வட்டாரத்துப் புஞ்சை நஞ்சையானது. விளைச்சல் கணக்கில் இது முழு வெற்றி. அதே வட்டாரத்தில் புதிய பாசனத்தோடு மலேரியாவும் பரவியது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரசல் அங்கே முகாமிட்டுக் கொசு ஒழிப்பு முறைகளைச் சோதித்தார். மலேரியாவால் குடும்பங்களுக்கு ஆன பொருளிழப்பைப் பட்டுக்கோட்டையில் கணக்கெடுத்து அவரும் மேனனும் 1942இல் வெளியிட்டார்கள். வருடா வருடம் குளிர்காய்ச்சலில் வாடும் குழந்தைக்குப் புதிய வயலின் நெல் பழைய வயலின் நெல்லைவிட எவ்வளவு உதவியிருக்கும்? குடிக்க, குளிக்க, மாடு கழுவ, கால் கழுவ எல்லாவற்றுக்கும் ஒரே வாய்க்கால் என்ற ஏற்பாட்டில் காலராவும் பேதியும் கொக்கிப்புழுவும் குடியிருந்தன. வெறுங்காலோடு ஈரமண்ணில் நிற்பவர்களைத்தான் கொக்கிப்புழு தேடும். நெல்நாட்டில் நிற்க வேறு இடமில்லை.

இவ்வளவுக்கும் எதிராக வரும் வலுவான வாதம் மரபணு. தமிழர் இயல்பிலேயே குட்டை, அளவுகோலைப் பஞ்சாபிக்கும் நார்வேக்காரனுக்கும் பொதுவாக வைத்துவிட்டு நம் குழந்தைகளைக் குன்றியவர்கள் என்று எழுதுவது அபத்தம் என்பார்கள். பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013இல் இதன் நாகரிகமான வடிவத்தை முன்வைத்தார். இதற்கு இரண்டு பதில்கள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவு பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் வசதியான வீட்டில், தாய்ப்பால் குடித்து, புகையில்லாத சூழலில் வளர்ந்த குழந்தைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. தெற்கு டெல்லிக் குழந்தை ஓஸ்லோக் குழந்தைக்கு ஏறத்தாழச் சமமாக வளர்ந்தது. இரண்டாவது, ஒரே மரபு இரண்டு அரசுகளின் கீழ் பிரிந்தபோது நடந்தது. வட கொரியாவிலிருந்து தப்பி வந்தவர்கள் தென் கொரியர்களைவிடக் குட்டை. 1896இல் பிறந்த தென் கொரியப் பெண்ணைவிட 1996இல் பிறந்தவள் 20 செ.மீ. உயரம்; அதே நூறாண்டில் இந்திய ஆண் 3 செ.மீ. அளவுக்கும் இந்தியப் பெண் 5 செ.மீ. அளவுக்கும்தான் உயர்ந்தார்கள் என்கிறது 200 நாடுகளை ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வு. இலங்கையையும் பார்க்கலாம். அங்கே 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாடளவில் 17%, தோட்டப் பகுதியில் 32%. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைச் சீமைகளிலிருந்து போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் அந்தத் தோட்டங்களின் லயங்களில், வரிசைக் குடியிருப்புகளில், இருக்கிறார்கள். அவர்களைக் குட்டையாக்க இலங்கைக் காற்று போதாது. லயத்து அறையும் தோட்டக் கூலியும் வேண்டும்.

இன்னொரு வாதம் இதைவிட நயமானது: குட்டையாக இருந்தால் என்ன, ஆரோக்கியமாக இருந்தால் போதாதா? குறைவாகக் கிடைக்கும் உணவுக்கு ஏற்ப உடம்பு தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, அது நோயல்ல, தகவமைப்பு என்று 1980களில் பொருளியலாளர் டேவிட் செக்லர் எழுதினார். புள்ளியியலாளர் சுகாத்மேயின் ஆய்வுகளும் அந்தப் பக்கம் சாய்ந்தன. சேலத்தில் பிறந்து இந்திய ஊட்டச்சத்து அறிவியலை வழிநடத்திய சி. கோபாலன் இதைக் கடுமையாக மறுத்தார். சிறியதே நலம் என்பது ஏழைக்கு மட்டும்தானா, பணக்காரருக்கு இல்லையா என்று கேட்டார். இதற்கு மேல் மருத்துவமும் ஒன்றைச் சேர்க்கிறது. 145 செ.மீ.க்குக் கீழான தாய்க்குப் பிரசவம் ஆபத்து கூடியது என்று தேசியக் குடும்பநல ஆய்வு தனியாகக் கணக்கெடுக்கிறது. இடுப்பெலும்பு குறுகல், எடை குறைந்த குழந்தை, அந்தக் குழந்தை வளர்ந்து மீண்டும் குட்டைத் தாய். தகவமைப்பு என்ற சொல் இந்தச் சங்கிலிக்குப் பொருந்தாது.

அளவுகோலுக்கு வரம்பு உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சஹாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் இந்தியாவைவிட ஏழைகள் அதிகம், குழந்தை இறப்பும் அதிகம், ஆனாலும் பெண்கள் இந்தியப் பெண்களைவிட உயரம். பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் இந்தப் புதிரைப் பல வருடம் துரத்தினார். ஒரு பகுதி விடை சாவில் இருக்கிறது. குழந்தைகள் அதிகம் சாகும் இடத்தில் நலிந்தவை முதலில் போய்விடுகின்றன, உயிர்பிழைத்தவற்றின் சராசரி ஏறிவிடுகிறது. நம் பக்கமே இதைக் காணலாம். நூறாண்டுக்கு முன் சென்னை மாகாணத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200ஐ ஒட்டி முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2019–21இல் தமிழ்நாட்டில் அது 18.6. அன்று செத்திருக்கக்கூடிய நலிந்த பிள்ளை இன்று உயிரோடு இருந்து சராசரியைக் கீழே இழுக்கிறது. எனவே உயரத்தில் தெரியும் முன்னேற்றம் உண்மையில் நடந்ததைவிடக் குறைவாகவே தெரியும். நாடுகளை ஒன்றோடொன்று வரிசைப்படுத்த உயரம் தடுமாறும். ஒரே மண்ணில் ஒரே மக்களுக்குள் காலத்தையும் சாதியையும் ஒப்பிடும்போது அது அவ்வளவு தடுமாறுவதில்லை.

1960களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி.27 வந்தது, பிறகு ஐ.ஆர்.8 வந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்து காற்றில் சாய்ந்துவிடும் பழைய சம்பா ரகங்களுக்குப் பதில் இடுப்பளவுப் பயிர்; சத்து தண்டுக்குப் போகாமல் கதிருக்குப் போனது. பயிரைக் குட்டையாக்கி விளைச்சலைக் கூட்டிய புரட்சி மனிதரை உயர்த்தியதா? தானாக உயர்த்தியிருக்கும் என்று நம்பக் காரணம் இல்லை. மானிடவியலாளர் காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்த இரண்டு தஞ்சைக் கிராமங்களுக்கு 1976இல் திரும்பி வந்தபோது, கூடிய விளைச்சலின் பலன் நிலமற்றவர்களை எட்டவில்லை என்றே கண்டார். உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது வேறு வழியில்: 1950களில் காமராஜரின் மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கருணாநிதி சேர்த்த முட்டை, அட்டை வைத்திருக்கும் யாருக்கும் ரேஷன் அரிசி, கிராமத்துக்கு வந்த செவிலியர். இவற்றுக்குப் பொதுவான குணம், நெல் நிலத்தைத் தாண்டி, மிராசுதாரின் மரக்காலைத் தாண்டி, நேரே தட்டுக்கு வந்தது. ரேஷன் கடையின் தராசு அதன் பங்குக்கு ஒரு முத்திரை மரக்கால்.

இந்த வழியின் எல்லையும் தேசியக் குடும்பநல ஆய்வின் புள்ளிவிவரத்தில் தெரிகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றியவர்கள் 2005–06இல் 30.9%, 2015–16இல் 27.1%, 2019–21இல் 25%. இந்தியச் சராசரி 35.5% என்பதோடு ஒப்பிட்டால் நல்லது. மாநிலத்தின் வருமானம் அந்த 15 ஆண்டுகளில் ஓடிய ஓட்டத்தோடு ஒப்பிட்டால் நத்தை வேகம். அதே 2019–21 ஆய்வில் தமிழகப் பெண்களில் 40% பேர் அதிக எடை, 53% பேர் ரத்தசோகை. நான்கில் ஒரு குழந்தை குட்டை, ஐந்தில் இரண்டு பெண்கள் பருமன் என்பது முரண் இல்லை. எடைக் கதவு ஆயுள் முழுக்கத் திறந்திருக்கும், மலிவான மாவுச்சத்து எந்த வயதிலும் உள்ளே போகலாம். உயரக் கதவு சீக்கிரம் சாத்திக்கொள்ளும், அது திறந்திருக்கும் நேரத்தில் கேட்பது பாலும் முட்டையும் பருப்பும் நோயில்லாத குடலும். அரிசியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம். அரிசிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதை அவ்வளவு கொடுக்கவில்லை.

சாதிக்கோடும் அழியவில்லை. அதே ஆய்வில், நாடளவில் பட்டியல் சாதிக் குழந்தைகளில் 39% குன்றியவர்கள், எந்த ஒதுக்கீட்டுப் பிரிவிலும் வராதவர்களில் 30%. பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் காட்டியபடி, உயர்சாதி இந்துக் குழந்தைகளை மட்டும் எடுத்தால் ஆப்பிரிக்கப் புதிரே மறைந்துவிடுகிறது. அவர்கள் ஆப்பிரிக்கக் குழந்தைகளைவிடக் குறைவாகவே குன்றியிருக்கிறார்கள். மரபணு வாதத்துக்கு இதைவிடச் சங்கடமான எண் கிடையாது.

இந்தக் கணக்கு ஒரு தலைமுறையில் முடிவதும் இல்லை. இந்தியப் பள்ளி உணவுத் திட்டத்தை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை ஒன்று, சிறுமியாக இருந்தபோது முழுமையாக மதிய உணவு கிடைத்த தாய்மாரின் குழந்தைகள், கிடைக்காதவர்களின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் 0.4 திட்டவிலக்கம் மேலே நிற்பதாகக் கண்டது. தட்டில் விழுந்த சோறு, சாப்பிட்டவளை விட்டு அவள் பிள்ளையின் காலுக்கு நீள்கிறது. பிற மாநிலங்களுக்கு முன்பே தொடங்கிவிட்ட தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலி இன்னும் ஒரு கண்ணி நீளம். 1982இல் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் தட்டோடு வரிசையில் நின்ற ஐந்து வயதுப் பெண்ணுக்கு இன்று பேத்தி இருக்கக்கூடும். இரண்டு வயது ஆகவில்லை என்றால் அந்தக் குழந்தையை அங்கன்வாடியில் நிற்கவைத்து அளக்கமாட்டார்கள். பலகையில் மல்லாத்தி, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மடங்கும் முழங்காலை இன்னொருவர் மெல்ல அழுத்தி நேராக்கி, நகரும் கட்டையைக் குதிகாலோடு சேர்த்து, அழுது முடிப்பதற்குள் எண்ணைப் படித்து எழுதுகிறார்கள், மில்லிமீட்டர் வரை.